மஞ்சள் அட்டை போட்ட கூடு

எங்கள் ஏரிக்கு நடுவில் ஓர் எல்லைக்கல் நிற்கிறது. மாவட்டத்தைப் பிரித்தபோது கோடு ஏரிக்குள்ளேயே போய்விட்டதால் படப்பைப் பக்கத்துத் தண்ணீர் ஒரு மாவட்டம், அக்கரைத் தண்ணீர் இன்னொரு மாவட்டம். எந்தப் பக்கம் எது என்று கல்லில் எழுதியிருந்ததாகச் சொல்வார்கள். இப்போது படிக்க முடியாது. ஒரு நீர்க்காகம் நாள் முழுக்க அதன்மேல் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டு நிற்கிறது. நின்ற இடத்திலேயே மற்ற காரியங்களையும் முடித்துக்கொள்வதால் கல்லுக்கு ஆண்டு முழுவதும் வெள்ளையடித்தபடி இருக்கிறது.

நான் ஒரகடத்தில், கார்க் கதவுக்கு ரப்பர் பட்டி செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். அதாவது குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குபவள். கல்யாணத்துக்கு முன்பு இதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று என் கணவர் அடிக்கடி வருத்தப்படுவார். அவருக்கு வேறொரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை. அவருடைய குறை, எதையும் தூக்கிப் போடமாட்டார் என்பது. டிவி வாங்கினால் அட்டைப்பெட்டி, தெர்மாகோல், அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை எல்லாம் மொட்டை மாடிக்குப் போய்விடும். பெட்டி இல்லாவிட்டால் வாரண்டி செல்லாது என்பது அவருடைய நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போதுகூட அவர் முகத்தில் இவ்வளவு உறுதியை நான் பார்த்ததில்லை.

மழைக்காலத்தில் அடித்த ஒரு புயலில் அந்தத் தெர்மாகோல் பறந்துபோனது. வீடு ஏரிக்கரையை ஒட்டிய புது மனையில் என்பதால் அது எங்கே போயிருக்கும் என்று தேடத் தேவையில்லாமல் இருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். ஏரியில் குப்பை விழுந்ததற்காக ஒரு நிமிடம் வருத்தமும் பட்டேன். சந்தோஷம்தான் அதிகம், பொய் சொல்ல விரும்பவில்லை.

மாசி மாதம், ஒருநாள் சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனவள் அதை மறுபடியும் பார்த்தேன். ஆகாயத்தாமரைக் கூட்டம் ஒன்று காற்றில் மிதந்து எங்கள் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தில் வெள்ளையாகத் தெர்மாகோல். அதன் நடுவில், டிவியின் கால் உட்காருவதற்காக விட்டிருந்த பள்ளத்தில், அழுகிய பாசி குவிந்திருந்தது. பாசியின்மேல் ஒரு முக்குளிப்பான் உட்கார்ந்திருந்தது.

முக்குளிப்பானைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கைப்பிடி அளவு இருக்கும். வாத்து செய்ய ஆரம்பித்துப் பாதியில் மாவு தீர்ந்துபோனதுபோல வாலே இல்லாமல் முடிந்திருக்கும். ஆளைக் கண்டால் முங்கிவிடும். நாம் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் எழுந்து நம்மையே பார்க்கும். கத்தினால் குதிரைக்குட்டி சிரிப்பதுபோல நீளமாக ஒரு சிரிப்பு. எங்கள் ஏரியில் கூழைக்கடா உண்டு, நத்தைக்குத்தி நாரை உண்டு, எந்நேரமும் சண்டை போடுகிற நாமக்கோழிகள் உண்டு. நான் யாரையும் பொருட்படுத்தியதில்லை. ஆனால் இது எங்கள் வீட்டு டிவி பெட்டியில் குடியிருக்கிறது.

என் கணவரை மாடிக்குக் கூப்பிட்டேன். அவர் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நம்ம தெர்மாகோல் தானே அது?" என்றார்.

"பறவை உக்காந்துகினு இருக்கு, தெரியல?"

"பறவை தெரியுது. டிவில கோடு ஒண்ணு விழுதுன்னு சொன்னேன்ல. வாரண்டி இன்னும் ரெண்டு மாசம் கீது. அது இல்லாம சர்வீஸ்காரன் எடுக்கமாட்டான்."

மறுநாள் கரையில் நின்று எட்டிப் பார்த்தபோது பறவை அவசர அவசரமாகப் பாசியை அலகால் இழுத்து மூடிவிட்டு முங்கியது. மூடுவதற்கு முந்தின நொடியில் நான் எண்ணிவிட்டேன், பதினான்கு வருடமாக ஓடும் லைனில் எண்ணிப் பழகிய கண். நாலு முட்டை. அன்றுமுதல் எனக்குத் தூக்கம் போனது. கூடு கட்டியது அந்தப் பறவை என்றாலும் இடம் கொடுத்தது நான். என் மாடியிலிருந்து விழுந்த குப்பையை நம்பி ஒரு குடும்பம் நாலு முட்டை வைத்திருக்கிறது. அது நாலும் பொரிக்கிற வரைக்கும் எனக்குப் பொறுப்பு உண்டு என்று மனதில் பட்டது. யாரும் கேட்காத பொறுப்புதான். அப்படிப்பட்டவைதான் என்னைப் பிடித்து ஆட்டும்.

சிக்கல் என்னவென்றால் கூடு ஓரிடத்தில் நிற்காது. காலையில் மேல்காற்று அடித்தால் அக்கரைக்குப் போய்விடும். மத்தியானம் கடல்காற்று திரும்பினால் எங்கள் கரைக்கு வந்துவிடும். தினமும் இரண்டு மாவட்டத்தையும் சுற்றிவருகிற ஒரே குடும்பம் அதுதான்.

அக்கரையில் எனக்கு ஒரு ஆள் இருந்தார். எங்கள் லைனிலேயே வேலை செய்யும் அக்கா, நாகர்கோவில்காரர். ஒரகடத்துக்கு வந்து ஒன்பது வருடமாகியும் பேச்சில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பார் என்று நினைத்தேன். "நாலு முட்டையா? ஆண்டவரே!" என்று கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஷிப்ட் முடியும்போது மெஷினை ஒப்படைப்பதுபோல ஒருவருக்கொருவர் போனில் கூட்டை ஒப்படைக்க ஆரம்பித்தோம்.

"பிள்ளே, ஒனக்க கோழி இங்க வந்து சேந்துட்டு. அம்மக்காரி இருக்கா. பக்கத்துல ஒரு தண்ணிப்பாம்பு போச்சு, நான் கல்லெடுத்து எறிஞ்சேன். கேட்டியா?"

"கோழி மேல படலையே?"

"படல்ல. பாம்பு மேலயும் படல்ல."

ஆனால் வார ஷிப்ட் மாறியதும் காற்றின் ஷிப்டும் எங்கள் ஷிப்டும் ஒத்துவரவில்லை. கூடு அக்கரையில் இருக்கும் காலை நேரத்தில் அக்காவுக்கு ஏ ஷிப்ட். கூடு எங்கள் கரைக்கு வரும் சாயங்காலம் எனக்கு பி ஷிப்ட். அவரவர் கரைக்குப் பறவை வரும்போது அவரவர் லைனில் இருந்தோம். இருவரும் ஷிப்டை மாற்றிக்கொள்வதென்று முடிவு செய்து சூப்பர்வைசரிடம் போனோம். அவர் கல்யாணமாகாத சின்ன வயது இன்ஜினியர், எல்லாவற்றுக்கும் காரணம் கேட்டு எழுதிக்கொள்பவர். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"பிரசவம் சார். கூட இருந்து பாக்கணும்லா."

அது பொய்யில்லை. ஆனால் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் கொஞ்சம் பூசின உடம்பு. உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அதன்பிறகு லைனில் நாற்காலி கிடைத்தது. யார் கொண்டுவந்து போட்டார்கள் என்றே தெரியவில்லை. நாற்பத்தொரு வயதில் ஆண்டவர் கண் திறந்திருக்கிறார் என்று பேக்கிங் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கேன்டீனில் எனக்கு மட்டும் அவித்த முட்டை ஒன்று கூடுதலாக வைத்தார்கள். எனக்குத் தவக்காலம், முட்டை தொடமாட்டேன். தொட்டாலும் அந்த நாட்களில் முட்டையைப் பார்த்தால் தொண்டையில் இறங்கியிருக்காது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை ஆரம்பித்தேன். முக்குளிப்பான் என்ற வார்த்தைக்கு மேல் என்னால் போகமுடியவில்லை, நாற்காலியும் வசதியாக இருந்தது.

இப்படிப் பத்து நாள் போயிருக்கும். அக்கா ஒரு சனிக்கிழமை போன் செய்தார். குரலில் பதற்றம்.

"பிள்ளே, திங்கக்கெழம மிதக்குற பொக்லைன் வருதாம். ஆகாயத்தாமர முழுக்க வாரிருவானுவ. எங்க கரைல இருந்துதான் தொடங்குதாம். ஒங்க பக்கம் அடுத்த வாரம்."

மிதக்கும் பொக்லைன் என்பது தண்ணீரில் படகுபோல நிற்கும் இயந்திரம். ஒரே அள்ளில் ஒரு கொல்லை அளவு தாமரையை வாரிக் கரையில் கொட்டும். அதில் தெர்மாகோல் என்ன, முட்டை என்ன, பார்த்தா அள்ளும்? ஏரிக்கு அது நல்லதுதான். ஆகாயத்தாமரை மூடிக்கொண்டால் மீன் மூச்சுவிடாது, மீன் இல்லாவிட்டால் அந்த நீர்க்காகம் கல்லைவிட்டுப் போய்விடும். எல்லாம் எனக்குத் தெரியும். அடுத்த பத்து நாளுக்கு மட்டும் எனக்கு அது தெரியாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

நான் ஒரு திட்டம் போட்டேன். அதைத் திட்டம் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. திங்கட்கிழமை அக்கரையில் வேலை என்றால் கூடு அக்கரைக்குப் போகக்கூடாது. காற்றை நிறுத்த முடியாது, கூட்டை நிறுத்தலாம். ஞாயிறு சாயங்காலம் கூடு எங்கள் கரைக்கு வந்ததும் கட்டிப்போட்டுவிட வேண்டியது. எங்கள் பக்கம் வேலை ஆரம்பிப்பதற்குள் பொரித்துவிடும்.

என் கணவர் கட்டுவதென்றதும் உற்சாகமாகிவிட்டார். அவர் தொழிலே அது. பேக்கிங் பட்டை, அதைப் பூட்டும் கிளிப், இறுக்கும் கருவி எல்லாம் எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். கரையிலிருந்து பதினைந்து அடி தள்ளி, தண்ணீருக்குள் ஒரு கருவேல மரம் நிற்கிறது. முக்குளிப்பான் பாசியை இழுத்து மூடிவிட்டு முங்கிய நேரத்தில், தெர்மாகோலின் ஓரத்து ஓட்டையில் பட்டையைக் கோத்து மரத்தோடு சேர்த்து இறுக்கினார். டக்கென்று கிளிப் விழுந்தது.

"எங்க கம்பெனி ஸ்ட்ராப். கப்பல்ல ஏத்தி ஜெர்மனி போனாலும் அறுவாது," என்றார். கட்டுவதைத்தான் யோசித்தோம். அவிழ்ப்பதை இருவரும் யோசிக்கவில்லை.

அவர் கரையேறிவிட்டார். எனக்குத்தான் மனம் வரவில்லை. பதினான்கு வருடமாகக் கைக்கு ஒரு பழக்கம். லைனிலிருந்து எதையாவது ஒதுக்கி வைத்தால் அதன்மேல் மஞ்சள் அட்டை மாட்டியாக வேண்டும். ஹோல்டு டேக் என்போம். அந்த அட்டை தொங்கினால் அந்தப் பொருளை யாரும் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது. குவாலிட்டி வந்து பார்த்து, ரிலீஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது நகரும். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் தொழிற்சாலை மேலாளர்கூட அதன்மேல் கை வைக்கமாட்டார். அட்டைப் புத்தகம் என் கைப்பையில் இருந்தது. ஒவ்வொரு அட்டைக்கும் வரிசை எண் உண்டு. முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து அடிக்கட்டையோடு ஒட்டவேண்டும், ஒன்று குறைந்தாலும் மெமோ. தெரிந்தும் அட்டையிலும் அடிக்கட்டையிலும் எழுதி, ஒன்றைக் கிழித்தேன்.

பொருள்: முட்டை. எண்ணிக்கை: 4. காரணம்: வேலை முடியவில்லை. ஹோல்டு போட்டவர்: என் கையெழுத்து.

பிளாஸ்டிக் உறையில் போட்டு, மரத்தில், கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி கட்டச் சொன்னேன்.

"பாம்புக்குப் படிக்கத் தெரியுமாடி?" என்று கேட்டுக்கொண்டே மறுபடி இறங்கினார்.

திங்கட்கிழமை காலை நான் லைனில் இருந்தேன். போன் லாக்கரில். பத்து மணி இருக்கும், சூப்பர்வைசர் ஓடிவந்தார். முகம் வெளிறியிருந்தது.

"மேடம், உங்களுக்கு ஆபீஸ் லைன்ல போன் வந்துச்சு. பிரசவம் நடக்குற இடத்துல... மெஷின் வந்துருச்சாம். உடனே வரணுமாம்." குரலைத் தாழ்த்தினார். "என்ன மெஷின் மேடம்? ஆபரேஷனா?"

போன் செய்தது அக்கா என்று உடனே புரிந்தது, முழு விவரம் பிறகுதான் தெரிந்தது. அக்கரைக்குப் போகும் மண்சாலை பொக்லைன் ஏற்றிய டிரெய்லரின் பாரம் தாங்காதாம். அதனால் காலையில் எங்கள் கரையிலேயே இறக்கிவிட்டார்கள். அக்கா தன் வீட்டு வாசலில் நின்றபடி அது நேராகக் கருவேல மரத்தை நோக்கிப் போவதைப் பார்த்திருக்கிறார். அவிழ்க்க முடியாத பட்டையால் கூட்டை அதன் வழியிலேயே கட்டிவைத்திருக்கிறோம். காற்றின் போக்கில் விட்டிருந்தால் இந்நேரம் அது அக்கரையில் பத்திரமாக இருந்திருக்கும். இதை நினைத்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தேன், கண்ணில் தண்ணீர் முட்டியது. சூப்பர்வைசர் என் கையைப் பிடித்து மெதுவாக, மெதுவாக என்றார். கேட் பாஸை அவரே எழுதி, கம்பெனி ஜீப்பையும் கொடுத்தார். எந்த ஆஸ்பத்திரி என்று டிரைவர் கேட்டார். ஏரிக்கரை என்றேன். அவர் அதற்குமேல் எதுவும் கேட்காமல் ஓட்டினார்.

யூனிபார்மோடு, தலையில் தொப்பியோடு, கையில் க்யூசி என்று எழுதிய பட்டையோடு கரையில் ஓடினேன். பொக்லைன் கருவேல மரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. என்ஜின் அணைந்திருந்தது. அதன் நீண்ட கையின் மேல் ஏழெட்டுக் கொக்குகள் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருப்பதுபோல வரிசையாக நின்றன. கரையில் ஆபரேட்டர் குத்துக்காலிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்தில் கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர் போனில் கத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஆபரேட்டர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"தோ, க்யூசி வந்துட்டாங்க," என்றார். "நான் சொல்லல?"

எனக்கு மூச்சு வாங்கியது. மரத்தைப் பார்த்தேன். தெர்மாகோல் இருந்தது. முக்குளிப்பான் அதன்மேல் உட்கார்ந்து, இத்தனை பேரையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது.

கான்ட்ராக்டரின் ஆள் என்னிடம் திரும்பினார். "யாரும்மா நீங்க? காலைல இருந்து இவன் வண்டிய எடுக்கமாட்றான். அட்டை தொங்குது, அட்டை தொங்குதுங்கறான். கிழிச்சுப் போடுடான்னா என்னைக் கிழிக்கச் சொல்றான்."

"நீங்க கிழிக்கலையா?" என்றேன்.

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "ஹோல்டுன்னு போட்டுருக்கே," என்றார். அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான், ஏதோ ஒரு கம்பெனியில் ஒரு காலத்தில் யூனிபார்ம் சட்டை போட்டவர்தான். "நீங்க எந்த டிபார்ட்மெண்ட்?"

"குவாலிட்டி."

அவர் அதை அரசாங்கம் என்று எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. "இந்த மாவட்டமா, அந்த மாவட்டமா?" என்றார். நான் எல்லைக்கல்லைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். நீர்க்காகம் இறக்கையை விரித்தபடி இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக் காட்டியது. மரம் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று மேலே கேட்டுவிட்டுச் சொல்வதாகவும், அதுவரை மரத்தைச் சுற்றி இருபதடி விட்டுவிட்டு மற்ற இடத்தில் வேலையைப் பார்க்கும்படியும் சொல்லிவிட்டு அவர் வண்டியேறிப் போனார். அந்தப் பதில் இன்றுவரை வந்ததா என்று எனக்குத் தெரியாது.

அவர் போனதும் எனக்கு அடக்கமுடியாத சிரிப்பு வந்தது. ஆபரேட்டர் சிரிக்கவில்லை.

"உண்மையில அது முட்டைதானே மேடம்?" என்றார். "நான் படிச்சேன். முட்டையோ, மூடியோ, அட்டை போட்டா போட்டதுதான். ஒரு தபா கை வெச்சிப் பட்டதே போதும்."

அவர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் ஆறு வருடம் இருந்தவர். பர்மனென்ட் ஆக்குவதற்குப் பெயர் போயிருந்த சமயம். லைனில் பீஸ் தீர்ந்துபோய், எல்லோரும் அவசரப்படுத்த, பக்கத்தில் அட்டை தொங்கிய டிரேயிலிருந்து நாலு பீஸ் எடுத்துப் போட்டிருக்கிறார். "நல்ல பீஸ்தான் மேடம். அப்புறம் செக் பண்ணி நல்லாக்கீதுன்னு அவங்களே சொன்னாங்க. ஆனா அட்டைய மீறிட்டேன்ல. மத்தியானமே கேட்டுக்கு வெளிய நின்னேன்." சொல்லிவிட்டு டீயை முடித்தார். கோபமாகச் சொல்லவில்லை, மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

நான் பதினான்கு வருடத்தில் எத்தனை அட்டை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. மீறியவர் பெயரை எழுதும் கட்டம் ஒன்று அதில் உண்டு. அதை எத்தனை முறை நிரப்பியிருக்கிறேன், அந்தப் பெயர்க்காரர்கள் அன்று மத்தியானம் எங்கே நின்றிருப்பார்கள் என்று ஒருநாளும் நான் நினைத்துப் பார்த்ததில்லை. அந்தக் கரையில் நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த நாட்களில் பொக்லைன் ஏரி முழுக்கச் சுற்றியது. தாமரை விலக விலகத் தண்ணீர் தெரிந்தது. கலங்கிய தண்ணீரில் மீன் பிடிக்கக் கொக்கும் நாரையும் இயந்திரத்தின் பின்னாலேயே அலைந்தன. கூழைக்கடாக்கள் கூட்டமாக வந்து, எங்களுக்கு இந்த ஏற்பாட்டைப் பற்றி முன்பே சொல்லியிருக்கக்கூடாதா என்பதுபோல உட்கார்ந்தன. கருவேல மரத்தைச் சுற்றி மட்டும் இருபதடிக்குப் பச்சை வட்டம் அப்படியே இருந்தது. ஆபரேட்டர் என் நம்பரை வாங்கிக்கொண்டார். அக்காவோடு சேர்த்து இப்போது ஒப்படைப்புக்கு மூன்று பேர்.

"அப்பன்காரன் உக்காந்துகினான் மேடம், அம்மா சாப்புடப் போச்சு."

"யார் அப்பா, யார் அம்மான்னு எப்படிங்க தெரியும்?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் கீது. ஆனா ஒண்ணு மட்டும் எயுந்துக்கச் சொன்னா எயுந்துக்கவே மாட்டேங்குது. அது அம்மாவாத்தான் இருக்கும்."

எட்டாம் நாள் காலை, லாக்கரில் போனை வைப்பதற்கு முன்னால் அழைப்பு வந்தது. "மேடம், பொரிச்சிடுச்சி!" என்று கத்தினார். பின்னால் பொக்லைனின் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். நான் லைனில் போய், பிரசவம் ஆகிவிட்டது, சுகப்பிரசவம் என்று சொல்லிவிட்டேன். அதற்குள் உண்மை பாதி வெளியே கசிந்திருந்தது. இருந்தாலும் பேக்கிங் பெண்கள் கை தட்டினார்கள். நாற்காலியை அன்றே எடுத்துவிட்டார்கள்.

மூன்று குஞ்சுகள். கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்டவை. இரண்டு நாளில் மூன்றும் கூட்டைவிட்டு அம்மாவின் முதுகில் ஏறி, இறக்கைக்குள் செருகிக்கொண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டியபடி ஏரியைச் சுற்றிவந்தன. படப்பை ஷேர் ஆட்டோவில் பின்சீட்டில் உட்காருபவர்களுக்கு அந்த முகம் தெரியும். எல்லைக்கல்லைத் தாண்டிப் போனபோது நீர்க்காகம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

நாலாவது முட்டை பொரிக்கவில்லை. பறவைகள் அதைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

குஞ்சுகள் கூட்டைவிட்டு இறங்கிய அன்று சாயங்காலம், எடுக்கலாம் என்று நான் சொன்ன பிறகே, ஆபரேட்டர் பட்டையைக் கத்தியால் அறுத்து, தெர்மாகோலைப் பொக்லைனின் வாளியில் ஏந்தி, பாயசத்தைப் பரிமாறுவதுபோல அவ்வளவு மெதுவாகக் கரையில் என் கணவரின் கையில் இறக்கினார். என் கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். சர்வீஸ்காரர் என்ன சொல்வார் என்று யோசிப்பது தெரிந்தது. பள்ளத்தில் அந்த ஒரு முட்டை, பாசிக்கறை பிடித்து, பழுப்பாகக் கிடந்தது.

ஆபரேட்டர் அட்டையைக் கழற்றிக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். "ரிலீஸ் எய்திடுங்க மேடம். அப்பதான் மரத்தச் சுத்திக் கீற தாமரைய வாருவேன்."

பேனாவை எடுத்தேன். சரியானவை: 3 என்று எழுதினேன். அதற்குக் கீழே கழிவு என்று ஒரு கட்டம். பதினான்கு வருடத்தில் அந்தக் கட்டத்தின் முன்னால் நான் தயங்கி நின்றதே இல்லை. கை தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டு போகும்.

"அது ரிஜெக்டா மேடம்?" என்று அவர் முட்டையைப் பார்த்துக் கேட்டார்.

"தெரியல," என்றேன். கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன். முட்டையை என் கணவர் முருங்கை மரத்தடியில் புதைத்தார்.

அட்டையை நான் கைப்பையில் வைக்கப் போனேன். வரிசை எண், அடிக்கட்டை, மெமோ எல்லாம் ஞாபகம் இருந்தது. அவர் தயங்கிக்கொண்டே நின்றார்.

"மேடம், அத்த எனக்குக் குடுக்க முடியுமா?"

"எதுக்குங்க?"

"சும்மாதான்." அவர் தண்ணீரைப் பார்த்தார். "இந்த தபா நான் கை வெக்கல. க்யூசி கையெயுத்து கீது."

கொடுத்துவிட்டேன். மெமோ வந்தது. சூப்பர்வைசர் அடிக்கட்டையைப் பார்த்து, முட்டை நாலு, வேலை முடியவில்லை என்று சத்தமாகப் படித்து, அட்டை எங்கே என்றார். ரிலீஸ் ஆகிவிட்டது சார் என்றேன். மெமோவை வாங்கி, அடிக்கட்டையின் பக்கத்திலேயே ஒட்டிவிட்டேன்.

பிறகு ஒருநாள் ஷிப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தபோது, ஒரகடம் சந்திப்பில் சிக்னலுக்கு அந்தப் பொக்லைன் டிரெய்லரில் நின்றது. வேறு ஏதோ ஏரிக்குப் போகிறது போலிருக்கிறது. ஆபரேட்டர் முன்னால் லாரி டிரைவரோடு உட்கார்ந்திருந்ததால் என்னைப் பார்க்கவில்லை. பொக்லைனின் கண்ணாடியில், எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிடும் இடத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் என் மஞ்சள் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.